எஞ்சினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

கேள்வி: நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டெட் (2005) என்ற கார் பந்தய வீடியோ கேமின் கேரியர் மோடில் கோபால்ட் எஸ்எஸ் கார் வைத்திருக்கிறேன். கையில் இருந்த பணத்தையெல்லாம் எஞ்சினிலும் டர்போவிலும் போட்டுவிட்டேன். அப்படியும், ஒவ்வொருவராக வெல்ல வேண்டிய எதிராளிகளின் கறுப்புப் பட்டியலில் 13-ஆம் இடத்து விக்கைத் தொட முடியவில்லை. அடுத்து எந்த அப்கிரேடை வாங்குவது?

எஞ்சினில் போட்டதுதான் சிக்கலே. டயரையும் சஸ்பென்ஷனையும் வாங்குங்கள். இதோடு பதில் முடிந்துவிட்டது. ஆனால் இதே தவறை நானும் செய்து நாலு நாள் மாட்டிக்கொண்டவன் என்பதால் ஏன் என்றும் சொல்கிறேன்.

பள்ளி விடுமுறையில் அத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடிய காலம். தொடக்கத்தில் வாங்கக் கிடைக்கும் புன்டோ, கோபால்ட், கோல்ஃப் ஜிடிஐ, லெக்ஸஸ் ஐஎஸ் 300 ஆகிய நான்கு கார்களில் நான் எடுத்தது கோல்ஃப். (15-ஆம் இடத்து சானியும் அதே கோல்ஃபில்தான் வருவான் என்று அப்போது தெரியாது.) கடைக்குள் போனால் எந்தப் பாகத்தின் மேல் நின்றாலும் உச்ச வேகம், முடுக்கம், ஹேண்ட்லிங் என்ற மூன்று கோடுகளில் எது எவ்வளவு ஏறும் என்று காட்டும். எஞ்சினும் டர்போவும் வேகக் கோட்டைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நீட்டும். டயர் அப்படி ஒன்றும் காட்டாது. பதினாலு வயதில் யார் டயர் வாங்குவார்கள்?

நாலு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்த அத்தை பையன் கடைசியில் வாயைத் திறந்தான். "டேய், நேர் ரோட்டுல நீதான்டா முன்னாடி போற. திரும்புற இடத்துலதான் எல்லாரையும் விட்டுடுற." அடுத்த சர்க்யூட்டில் எண்ணிப் பார்த்தேன். ஒரு சுற்றில் ஐந்து முறை சுவரில் தேய்த்திருந்தேன். ஒவ்வொரு தேய்ப்புக்கும் வேகம் பாதியாக விழுந்தது. அதை மறுபடி ஏற்றத்தான் என் விலை உயர்ந்த எஞ்சின் உழைத்துக்கொண்டிருந்தது.

நீங்கள் விசைப்பலகையில் ஆடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். அம்புக்குறி விசைக்குப் பாதி அழுத்தம் என்பது கிடையாது. அழுத்தினால் ஸ்டீயரிங் முழுதாக வளையும், விட்டால் நேராகிவிடும். அதனால் நாம் வளைவில் தட்டித் தட்டித்தான் ஓட்டுகிறோம். காரின் வேகம் கூடக் கூட, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் அது கடக்கும் தூரமும் கூடும். பிடிப்பு இல்லாத டயரோடு எஞ்சினை மட்டும் ஏற்றினால், உங்கள் கை சமாளிக்க முடியாத காரை நீங்களே காசு கொடுத்து வாங்கியதாகத்தான் ஆகும்.

இன்னொன்று, ஆட்டத்தின் உள்குத்து. நீங்கள் எவ்வளவு முன்னால் போனாலும் எதிராளிகள் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் பின்தங்கினால் அவர்களும் கொஞ்சம் தளர்ந்து காத்திருப்பது போலத் தோன்றும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய மாதிரி. பந்தயம் விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று ஆட்டம் செய்தவர்களே வைத்த ஏற்பாடு அது. அதனால் நேர்சாலையில் எஞ்சினால் சம்பாதிக்கும் இடைவெளி நிலைக்காது. கடைசி சுற்றின் கடைசி இரண்டு வளைவுகளில் யார் சுவரைத் தொடாமல் வருகிறார்கள் என்பதில்தான் பாதிப் பந்தயம் முடிவாகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் வேகக் கோட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

சரி, வரிசை. முதலில் டயர், கூடவே சஸ்பென்ஷன். பிறகு டிரான்ஸ்மிஷன் (கியர் அமைப்பு), ஏனென்றால் வளைவை விட்டு வெளியே வரும்போது கார் சட்டென்று எழுந்து ஓடுவது அதனால்தான். அதற்கடுத்து, அழுத்தியதும் சில நொடிகளுக்குக் கூடுதல் வேகம் தரும் நைட்ரஸ். இதே வரிசையில் முந்தைய ஆட்டமான அண்டர்கிரவுண்ட் 2-இல் சாகசம் காட்டினால் நைட்ரஸ் ஏறும். இதில் சும்மா வேகமாக ஓட்டினாலே நிரம்பிக்கொண்டிருக்கும். ஆகவே வாங்கியதற்குப் பலன் ஒவ்வொரு பந்தயத்திலும் பல முறை கிடைக்கும். எஞ்சினும் டர்போவும் அதற்கப்புறம். பிரேக்கை நான் கடைசியில்தான் வைப்பேன். நேரத்தை மெதுவாக்கும் ஸ்பீட்பிரேக்கர் கையில் இருக்கும்போது மோசமான வளைவுகளை அதைக் கொண்டே சமாளித்துவிடலாம். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. கேம்பேட் வைத்திருப்பவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

நேர்சாலையில் சீறிப் பாயும் டிராக் (drag) பந்தயத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே தடம் மாறுவதைத் தவிர ஸ்டீயரிங்குக்கு வேலை இல்லை, கியர் மாற்றும் நேரம்தான் எல்லாம். கியர் மாற்றாமல் எஞ்சின் மீட்டரின் முள்ளைச் சிவப்புக் கோட்டிலேயே பிடித்து வைத்தால் எஞ்சின் வெடித்துவிடும். எவ்வளவு விலைக்கு வாங்கியிருந்தாலும் வெடிக்கும்.

அடுத்து பணம். எல்லாப் பாகத்திலும் உயர்ந்த படியை இப்போதே வாங்க முடியாது. கறுப்புப் பட்டியலில் ஆட்களைத் தோற்கடிக்கத் தோற்கடிக்கத்தான் மேல் படிகள் திறக்கும். அதனால் முதல் காரை ஒரேயடியாகச் செதுக்கிக்கொண்டிருக்காதீர்கள். எப்படியும் அதை விட்டுவிட்டு வேறு காருக்குப் போவீர்கள். விற்றால் போட்ட காசு திரும்பாது.

கறுப்புப் பட்டியலின் ஒவ்வொரு ஆளையும் வென்றதும் ஆறு பரிசு அடையாளங்கள் வரும், அதில் இரண்டை எடுக்கலாம் அல்லவா? முகம் மூடிய மூன்றில் ஒன்றில் அவனுடைய காரே இருக்கக்கூடும். அப்படிக் கிடைக்கும் கார் ஏற்கெனவே அப்கிரேட் ஆகித்தான் வரும். நான் 10-ஆம் இடத்து பேரனிடம் போர்ஷே கேமன் எஸ்-ஐ அப்படித்தான் பெற்றேன். அதன் பிறகு வெகுதூரத்துக்கு வேறு கார் தேவைப்படவில்லை. வளைவில் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் அந்தக் காரில் இரண்டு நாள் ஓட்டினால், நான் ஏன் டயர் டயர் என்று புலம்புகிறேன் என்று புரியும். திறந்திருக்கும் அடையாளங்களில் ஜங்க்மேன் என்ற சிறப்பு அப்கிரேட் பாகம் இருந்தால் அதையும் விடாதீர்கள். ஆனால் அதைக் கோபால்ட்டில் மாட்டிவிடாமல், கடைசிவரை வைத்துக்கொள்ளப்போகும் காருக்காகப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது கார் ஒன்று கேரேஜில் இருப்பதும் நல்லது. போலீஸ் ஹீட், அதாவது போலீஸ் எவ்வளவு தீவிரமாகத் துரத்தும் என்ற அளவு, ஒவ்வொரு காருக்கும் தனித்தனி. பிடிபட்டால் விழும் குறியும் அந்தக் காருக்குத்தான். மூன்று குறி சேர்ந்துவிட்டால் கார் போய்விடும், அதில் போட்ட எல்லாப் பாகமும் சேர்ந்து போய்விடும். போலீஸ் துரத்தலில் கிடைக்கும் பவுண்டி புள்ளிகளைச் சேர்ப்பதற்கும் மைல்ஸ்டோன் எனும் இலக்குகளை முடிப்பதற்கும் பெரிதாகச் செலவு செய்யாத ஒரு காரை வைத்துக்கொண்டு, செதுக்கிய காரைப் பந்தயத்துக்கு மட்டும் எடுங்கள். நான் இதைக் கற்றுக்கொள்வதற்கு அந்தக் கோல்ஃபைக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு குறி விழுந்த பிறகும் அதையே எடுத்துக்கொண்டு போலீஸோடு மல்லுக்கு நின்றேன். அத்தை சாப்பிடக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருகிறேன். எஞ்சினில் பணம் போய்விட்டது, டயருக்குக் காசில்லை. விக்கைச் சந்திக்கும் முன் அவனுக்கான பந்தயப் பட்டியலில் உள்ள எல்லாப் பந்தயத்தையும் வெல்ல வேண்டியதில்லை, குறிப்பிட்ட எண்ணிக்கை போதும். எனவே சர்க்யூட்டை இப்போதைக்குத் தொடாமல், பட்டியலில் ஸ்பீட்டிராப்பும் டிராக்கும் இருந்தால் அவற்றை முதலில் ஓட்டுங்கள். ஸ்பீட்டிராப்பில் கேமராக்களைக் கடக்கும் வேகத்தைக் கூட்டித்தான் வெற்றி. உங்கள் எஞ்சினுக்கு அங்கே மரியாதை உண்டு. கேமராவுக்குச் சற்று முன் நைட்ரஸை அழுத்துங்கள். வரும் பரிசுப் பணத்தில் முதலில் டயர், மிச்சத்தில் சஸ்பென்ஷன்.

பிறகு விக்கின் சுப்ராவுக்குப் பின்னாலேயே போங்கள். நேர்சாலையில் அவன் போனால் போகட்டும். உங்கள் டயர் பிடிக்கிற வளைவில் உள்பக்கமாக நுழைந்துகொள்ளலாம்.