சி++ தெரிந்தவருக்கும் ரஸ்ட் முதல் வாரம் ஏன் இவ்வளவு கடினம்?

சி++ நன்றாகத் தெரியும், ஆனால் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் பத்து வரி எழுதினாலே கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) மறுக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் போனது.

காரணம் பெரும்பாலும் ஓனர்ஷிப்தான், அதாவது ஒரு மதிப்பு யாருக்குச் சொந்தம் என்ற விதி. ஒரு ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) 'அ' என்ற மாறியில் வைத்து, அதை 'ஆ'வுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் 'அ'வை பிரிண்ட் செய்து பாருங்கள், E0382 என்ற பிழை வரும். அந்த ஸ்ட்ரிங்குக்கு ஒரு நேரத்தில் ஒரே உரிமையாளர்தான், அவர் ஸ்கோப்பை (அந்த மாறி செல்லுபடியாகும் பகுதியை) விட்டுப் போகும்போது நினைவகம் தானாக விடுவிக்கப்படும், இரண்டு பேர் இருந்தால் ஒரே இடத்தை இரண்டு முறை விடுவிக்க வேண்டியிருக்கும், சி-யில் நாம் இரவெல்லாம் உட்கார்ந்து தேடும் பிழையே அதுதானே! முழு எண் என்றால் இந்தத் தொல்லை இல்லை, அது நகலாகிவிடும்.

சரி, என்ன செய்வது? படிக்க மட்டும் வேண்டுமென்றால் மாறியின் பெயருக்கு முன்னால் & போட்டுக் கடன் கொடுங்கள். தொடக்கத்தில் குளோன் செய்தாலும் (தனி நகல் எடுத்தாலும்) தப்பில்லை, வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிழை எண்ணைக் கம்பைலரிடமே கொடுத்து விளக்கம் கேட்டால் உதாரணத்தோடு சொல்லும், அதை முழுதாகப் படியுங்கள்.

முதல் பயிற்சியாக இருவழி லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு நோடும், அதாவது கண்ணியும், முன்னும் பின்னும் உள்ளதோடு இணைந்த பட்டியல்) மட்டும் வேண்டாம். அதில் ஒரு நோடை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும், ஒரே உரிமையாளர் விதிக்கு அது ஒத்துவராது, அங்கேதான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள்.