கேள்வி பதில்: ‘ஐ ஆம் டென்ஷன்’ எங்கே இடறுகிறது?

கேள்வி: உணர்ச்சிகளுக்கான ஆங்கிலச் சொற்கள் நூறாவது மனப்பாடம். ஆனால் பேச வந்தால் ‘ஐ ஆம் டென்ஷன்’, ‘ஐ ஆம் ஃபீலிங்’ என்றுதான் வாயில் வருகிறது. எங்கே கோளாறு?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: உங்களிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை, வாக்கியம்தான் தமிழ் அமைப்பிலேயே நிற்கிறது. தமிழில் எனக்குக் கோபம் ‘வரும்’, டென்ஷன் ‘ஆகும்’. உணர்ச்சி பெயர்ச்சொல்லாக முன்னே நிற்க, ஆள் ‘எனக்கு’ என்று ஒதுங்கிக்கொள்வார். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஆள்தான் எழுவாய். உணர்ச்சி அவருடைய நிலையைச் சொல்லும் பெயரடை. டென்ஷன் பெயர்ச்சொல். அதனால் ‘ஐ ஆம் டென்ஸ்’. பேச்சில் ‘ஐ ஆம் ஸ்ட்ரெஸ்டு’ இன்னும் இயல்பு.

‘ஃபீல் பண்ணாதே’ என்றால் நமக்கு வருத்தப்படாதே என்று பொருள். ஆங்கிலத்தில் ஃபீல் தனியே நின்று வருத்தத்தைக் குறிக்காது. ‘ஐ ஃபீல் ஸேட்’, ‘ஐ ஃபீல் லோன்லி’ என்று உணர்ச்சியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘மூட் அவுட்’டும் நம் ஊர் வழக்குதான், ‘ஐ ஆம் இன் எ பேட் மூட்’ என்று பழகுங்கள்.

பட்டியலை மூடி வையுங்கள். வாரத்துக்கு நான்கு சொற்கள் போதும், ஆனால் கூடவே வரும் சிறு சொல்லையும் சேர்த்துப் படியுங்கள். ஆள்மீது கோபம் ‘ஆங்க்ரி வித்’, நடந்ததைப் பற்றிக் கோபம் ‘ஆங்க்ரி அபவுட்’, பயம் ‘அஃப்ரெய்ட் ஆஃப்’. இரவில், அன்று நடந்த ஒன்றை வைத்து ‘ஐ வாஸ் ஆங்க்ரி வித் மை பிரதர் பிகாஸ்...’ என்று மூன்று வாக்கியம் எழுதி, வாய்விட்டு இரண்டு முறை சொல்லுங்கள். பிகாஸை விடாதீர்கள். காரணத்தை எழுதும்போதுதான் அது கோபமா, ஏமாற்றமா என்று உங்களுக்கே தெளியும். ஏமாற்றம் என்றால் சொல்லே வேறு: ‘டிஸப்பாயின்டட்’.

கேள்வி: வெட்கத்துக்கு ‘ஷை’ சரிதானே?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: பாதிதான் சரி. புது ஆட்களிடம் பேசக் கூச்சப்படும் சுபாவம் ‘ஷை’. பேருந்து நிலையத்தில் நாலு பேர் பார்க்கச் செருப்பு அறுந்து தடுமாறினால், அந்த நேரத்து வெட்கம் ‘எம்பாரஸ்டு’. எழுதும்போது ஆர் இரண்டு, எஸ் இரண்டு. ஒன்றை விடுவதுதான் வழக்கமான பிழை. தப்புச் செய்து மனம் குன்றினால் ‘அஷேம்டு’. செருப்பு அறுந்ததற்கு ‘அஷேம்டு’ என்றால், என்ன குற்றம் செய்தீர்கள் என்றுதான் கேட்பவர் நினைப்பார். தமிழில் ஒரே வெட்கம் இந்த மூன்றையும் தாங்குவதால்தான் இந்தக் குழப்பம்.

கேள்வி: ‘ஐ ஆம் போரிங்’ என்றேன், நண்பர் திருத்தினார். ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: ‘என்னோடு இருந்தால் மற்றவர்களுக்குச் சலிப்பு வரும்’ என்று உங்களைப் பற்றி நீங்களே சொல்லிவிட்டீர்கள். சலிப்பூட்டுவது ‘போரிங்’, சலிப்படைந்தவர் ‘போர்டு’. படம் போரிங், நான் போர்டு. எக்ஸைட்டிங் – எக்ஸைட்டட், கன்ஃப்யூஸிங் – கன்ஃப்யூஸ்டு எல்லாம் இதே கணக்குதான்.

கேள்வி: ‘வெரி டெரிஃபைட்’ எனலாமா?
– பள்ளி மாணவர், மதுரை

பதில்: வேண்டாம். டெரிஃபைட் என்றாலே மிகவும் பயந்துபோன நிலை, அதற்குள்ளேயே ‘மிகவும்’ இருக்கிறது. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘அப்ஸல்யூட்லி டெரிஃபைட்’. ‘வெரி’யை ஸ்கேர்டு, நெர்வஸ் போன்ற சொற்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.