ஹார்மோன் மாத்திரையால் மூட்டுவலி: சிபிடி எண்ணெய் எடுக்கலாமா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஒரு வருடமாக லெட்ரோசோல் எடுக்கிறேன். காலையில் விரல்களை மடக்கவே முடியவில்லை, முழங்காலும் வலிக்கிறது. சிபிடி எண்ணெய் நல்லது என்கிறார் தோழி. எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அதற்காக வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கிறது. அந்த ஹார்மோன் வெகுவாகக் குறைவதால்தான் மூட்டுகள் விறைக்கின்றன. இந்த வகை மாத்திரை எடுக்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது வருகிறது. ஆனால் ஒரே இடத்தில் விடாமல் வலித்தால், முக்கியமாக முதுகெலும்பில், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிபிடி கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத பொருள். சில அரிய வலிப்பு நோய்களுக்கு மருந்தாக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த மூட்டுவலிக்கு அதைச் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. உங்களைப் போன்ற 249 பெண்களிடம் ஒமேகா-3 மாத்திரையைச் சோதித்தபோது, பாதிப்பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவு நன்றாகக் குறைந்தது! அதனால் 'எனக்குக் குணமானது' என்று தோழி சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் குணமாக்கியது சிபிடிதானா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம், அதிக அளவில் எடுத்தால் சிபிடி இரத்தத்தில் கல்லீரல் நொதிகளைக் கூட்டும் (கல்லீரல் பாதிக்கப்படுவதன் அறிகுறி), மற்ற மருந்துகள் உடலில் சிதையும் வேகத்தையும் மாற்றும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் இன்னொரு ஹார்மோன் மாத்திரையான தமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம்; அந்த மருந்து வேலை செய்ய எந்த நொதிகள் வேண்டுமோ, அவற்றையே சிபிடி தடுக்கக்கூடும். இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களைப் பரிசோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது சுமார் 31 சதவீதத்தில்தான். 18 பொருட்களில் போதை தரும் டிஎச்சியும் இருந்தது.

சரி, வலிக்கு என்ன செய்வது? உடற்பயிற்சிதான் என் முதல் யோசனை. வாரம் 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்று ஓராண்டு செய்த பெண்களுக்கு வலி கணிசமாகக் குறைந்தது. போதவில்லை என்றால் டுலாக்செடின் (வலிக்கும் தரப்படும் ஒரு மனச்சோர்வு மருந்து), அக்குபங்சர், அல்லது அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

லெட்ரோசோலை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் திரும்பாமல் காப்பது அதுதான். சிபிடியை ஏற்கெனவே எடுத்திருந்தால், தயங்காமல் பாட்டிலோடு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.