“இன்னும் ஒரே ஒரு மேட்ச்!”: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

என் மகனுக்கு 13 வயது. மற்ற நேரங்களில் சாதுவான பிள்ளை. கேமை நிறுத்தச் சொன்னால் மட்டும் கத்துகிறான், கன்ட்ரோலரை வீசுகிறான். மூளையைக் கேம் கெடுத்துவிட்டதா?

இதை வைத்து அப்படி முடிவுகட்ட வேண்டாம். அவனை எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

ஆன்லைன் சண்டை கேம்களில் ஒரு மேட்ச் 20, 25 நிமிடம்கூட ஓடும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஆட்டக்களத்தின் எல்லை சுருங்கும், எதிராளிகள் நாலைந்து பேர்தான் மிச்சம். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். ‘ஜெயித்துவிடுவோம்’ என்ற எதிர்பார்ப்பில் மூளை டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நேரம் அது. (கேம் ஆடும்போது டோபமின் கூடுவதை லண்டன் ஆய்வாளர்கள் 1998-லேயே ஸ்கேனில் காட்டிவிட்டார்கள். ஆட்டத்தில் அதிகம் முன்னேறியவர்களிடம் அது அதிகமாக இருந்தது.) ஆத்திரத்துக்கு பிரேக் போடும் முன்மூளைப் பகுதியோ 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. போதாக்குறைக்கு இந்த கேம்களில் நடுவில் நிறுத்திவைக்கும் ‘பாஸ்’ (pause) வசதி கிடையாது. பாதியில் வெளியேறினால் டீம் தோற்கும், சில கேம்களில் தண்டனையாகச் சிறிது நேரம் ஆடவும் விடமாட்டார்கள். அந்த நொடியில் ஒயரைப் பிடுங்கினால் பெரியவர்களுக்கே கோபம் வரும்.

அதனால் கணக்கை மணியில் வைக்காமல் மேட்ச்சில் வையுங்கள். ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் ஓடும் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே அவனிடம் கேளுங்கள். 25 நிமிடம் என்றால், ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மேட்ச். இரண்டாவது தொடங்கும்போது பக்கத்தில் போய் நின்று, “இதுதானே கடைசி?” என்று கேட்டு, அவன் வாயால் பதில் வாங்குங்கள். அடுத்த அறையிலிருந்து கொடுக்கும் குரல் ஹெட்போன் போட்ட காதில் விழாது. முடிவில் ஸ்கோர் திரை வரும்போது நீங்கள் அருகில் இருக்க வேண்டும். அடுத்த மேட்ச்சுக்கான கவுன்ட்டவுன் ஓடும் அந்தச் சில நொடிதான் வெளியேற வாசல். அணைப்பது அவன் கையாகவே இருக்கட்டும். அணைத்ததும் பாடப்புத்தகத்தை நீட்டாதீர்கள். படபடப்பு அடங்க 10, 15 நிமிடம் நடை, குளியல் என்று ஏதாவது போகட்டும்.

இது பெரும்பாலும் சொதப்புவது ஒரே இடத்தில்தான். கத்தினால் சில நாள் “சரி, பத்து நிமிடம்” என்று விட்டுக்கொடுப்பீர்கள், சில நாள் மறுப்பீர்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் பழக்கம் மிக உறுதியாக ஒட்டிக்கொள்ளும். கேமில் வரும் பரிசுப் பெட்டிகளும் இதே கணக்கில்தான் இயங்குகின்றன. விட்டுக்கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாள்களில் கத்தல் கூடவும் செய்யும். அப்போது இறங்கிவிட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான்.

கேம் ஆடினால் புத்தி கூர்மையாகும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. 2003-ல் வெளியான, கிரீன், பாவலியர் என்ற ஆய்வாளர்களின் ஆய்வில், கேம் பழக்கமில்லாதவர்கள் நாளுக்கு 1 மணி நேரம் வீதம் 10 நாள் சுடும் கேம் ஆடினார்கள். கட்டங்களை அடுக்கும் ‘டெட்ரிஸ்’ கேம் ஆடியவர்களைவிட அவர்களின் பார்வைக் கவனம் மேம்பட்டது. 2014-ல் வந்த ஜெர்மன் ஆய்வில், இரண்டு மாதம் தினமும் 30 நிமிடம் ‘சூப்பர் மேரியோ 64’ ஆடியவர்களுக்கு இடஞ்சார்ந்த நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி சற்று வளர்ந்திருந்தது. கவனியுங்கள், வெறும் 30 நிமிடம்! இந்தப் பலன் கணக்குப் பாடத்துக்கோ மனப்பாடத்துக்கோ தானாகத் தாவாது. மதிப்பெண் கூடும் என்று நம்பி கேம் வாங்கித்தர வேண்டாம்.

இரவில் ஆடினால் தூக்கம் கெடுமா?

கெடும். திரை வெளிச்சம் ஒரு காரணம். கேம் தரும் பரபரப்பும் சேர்ந்துகொள்கிறது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடைசி மேட்ச் முடியட்டும். போன் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பதை மட்டும் வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் (2022 முதல் நடைமுறை) மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: ஆட்டம் கட்டுக்குள் இல்லாமை, மற்ற எல்லாவற்றையும் அது பின்தள்ளுவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது. வாழ்க்கையைக் கணிசமாகக் குலைக்கும் அளவுக்கு இது பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் ‘கேமிங் கோளாறு’ என்பார்கள். ஆனால் பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, அடிக்க வருவது என்றால் 12 மாதம் காத்திருக்காதீர்கள். சில பிள்ளைகள் மனச்சோர்வையோ பள்ளியில் நடக்கும் கேலியையோ மறக்கத்தான் கேமுக்குள் ஒளிகிறார்கள். கேமை மட்டும் பிடுங்கினால் அது தீராது. அவசரம் இல்லையென்றால், மருத்துவரிடம் போகும்முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எப்போது ஆடத் தொடங்கினான், எப்போது நிறுத்தினான், எத்தனை மணிக்குத் தூங்கினான், ஆடும் முன் என்ன நடந்தது. அந்தக் கடைசிக் குறிப்பு மருத்துவருக்கு உதவும்.