இங்கிலாந்தில் ஒரு கோட்டை எப்படி மாளிகை ஆகிறது?

பழைய கோட்டைகளில் பணக்காரர்கள் எப்படிக் குடியேறினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கென்ட் பகுதியில் இருக்கும் ஹீவர் கோட்டையைப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

தொடக்கத்தில் அது அகழியும் கல் வாயிலும் கொண்ட காவல் இடம். 1462இல் லண்டன் துணி வணிகர் ஜெஃப்ரி பொலின் வாங்கினார். அந்தக் குடும்பம் சுவர்களுக்குள்ளேயே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மணந்து, பின் தலையை வெட்டச் சொன்ன ஆன் பொலின் சிறுவயதில் வளர்ந்தது இங்கேதான். அவர் தன் கையால் ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்ட பிரார்த்தனைப் புத்தகம் இன்னும் அங்கே இருக்கிறது, எனக்கு அந்தக் கோட்டையிலேயே மனதைத் தொடுவது அதுதான்.

அப்புறம் பல கைகள் மாறி, கடைசியில் குத்தகை விவசாயிகள் குடியிருக்கும் பண்ணை வீடாகிவிட்டது. 1903இல் அமெரிக்காவில் பிறந்த கோடீஸ்வரர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர் வாங்கினார். சின்னக் கோட்டை, விருந்தாளிகளுக்கு இடம் போதாது, ஆனால் பழைய கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுக்கவும் அவருக்கு மனமில்லை. அதனால் அகழிக்கு அந்தப் பக்கம் எட்டாம் ஹென்றியின் டியூடர் வம்சம் ஆண்ட காலத்துக் கிராமம் போலவே வீடுகள் கட்டி, பாலம் போட்டு இணைத்தார். சுமார் 800 பேர் இரண்டு வருஷம் தோண்டி 38 ஏக்கரில் ஏரியும் வெட்டினார்கள். ஆஸ்டர் குடும்பம் 1983இல் அதை விற்றது.