வெளிநாட்டுப் பணம் ஏற்றிய விலை: துபாயில் இப்போது வீடு வாங்கலாமா?

கேள்வி: அல் கிஸைஸில் குடும்பத்துடன் வாடகைக்கு இருக்கிறேன். வருட வாடகை 60,000 திர்ஹாம். புதுப்பிக்க 75,000 கேட்கிறார் ஓனர். "வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிக் குவிக்கிறார்கள், விலை இன்னும் ஏறும். ஜேவிசியில் (ஜுமைரா வில்லேஜ் சர்க்கிள் பகுதி) 9 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது, முடித்துவிடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். கையில் இரண்டரை லட்சம் திர்ஹாம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் அந்த 75,000-ஐப் பார்ப்போம். அது 25% உயர்வு. துபாய் சட்டப்படி புதுப்பிக்கும்போது அதிகபட்சம் 20%தான் ஏற்றலாம். அதுவும் உங்கள் வாடகை சந்தைச் சராசரியைவிட 40%க்கு மேல் குறைவாக இருந்தால் மட்டுமே. ஒப்பந்தம் முடிய 90 நாளுக்கு முன்பே சொல்லியிருக்கவும் வேண்டும். துபாய் நிலத்துறையின் வாடகைக் குறியீட்டில் உங்கள் கட்டடத்தைத் தேடி, வரும் கணக்கோடு ஓனரிடம் பேசுங்கள். மசியாவிட்டால் வாடகைத் தகராறு மையம் இருக்கிறது.

அடுத்து ஏஜென்ட் சொல்வது. 2002-ல் ஃப்ரீஹோல்ட், அதாவது வெளிநாட்டவரும் சொந்தமாக வீடு வாங்கும் உரிமை, திறந்துவிட்டதிலிருந்து துபாயில் விலையை ஏற்றுவது வெளிநாட்டுப் பணம்தான், உண்மை. ஆனால் இறக்குவதும் அதுதான். 2008 நெருக்கடியில் விலை ஏறக்குறைய பாதியானது. 2014-க்குப் பிறகும் சில வருடங்கள் சரிவுதான். சிங்கப்பூர் தன் குடிமக்களுக்காக வெளிநாட்டவர் மீது 60% கூடுதல் முத்திரை வரி போடுகிறது. துபாயில் குடிமக்களுக்கு அரசு வீட்டுத் திட்டம் தனியாக உண்டு. விலையேற்றத்தின் அடி விழுவது நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் மேல்தான். நாமும் அங்கே வெளிநாட்டவர்தானே! அதனால் விலையை அடக்கும் அவசரம் அங்கே யாருக்கும் இல்லை. 20 லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து வாங்கினால் கோல்டன் விசா (நீண்டகாலம் தங்கும் அனுமதி) என்று கூப்பிடும் ஊர் அது.

இனி உங்கள் கணக்கு. 9 லட்சத்தில் முன்பணம் 20%, அதாவது 1,80,000. பதிவுக் கட்டணம் 4%, 36,000. ஏஜென்ட் கமிஷன் வாட் (VAT) வரி சேர்த்து 18,900. இந்தக் கட்டணங்களை 2025 பிப்ரவரியிலிருந்து வங்கிக் கடனில் சேர்க்க முடியாது. மொத்தம் 2,34,900 போனால் கையில் மிச்சம் 15,000 சொச்சம்.

மீதி 7,20,000-க்கு 25 வருடக் கடன், வட்டி 4% என்றால் மாதத் தவணை சுமார் 3,800. நீங்கள் கட்டும் வாடகை மாதம் 5,000. இந்த இடத்தில்தான் பலரும் மயங்குகிறார்கள். ஆனால் சர்வீஸ் சார்ஜ், அதாவது கட்டடப் பராமரிப்புக் கட்டணம், தனி. வேலை போனால் நாட்டில் இருக்கக் கிடைப்பது சில மாத அவகாசம்தான். அந்த நேரத்தில் விலை 20% இறங்கியிருந்தால், அவசரத்துக்கு விற்று முன்பணம் முழுவதையும் இழக்க வேண்டியதுதான்.

இன்னும் ஏழெட்டு வருடம் அங்கேதான் என்று உறுதியாகி, வீட்டுக்குப் போட்டது போக ஆறு மாதச் செலவுக்குப் பணமும் கையில் இருந்தால் அப்போது பார்க்கலாம். அப்போதும் கட்டி முடித்த வீடாகப் பாருங்கள். டோக்கன் கொடுப்பதற்கு முன், அந்தக் கட்டடத்தின் கடைசி இரண்டு வருட சர்வீஸ் சார்ஜ் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.