சின்ன வண்டிக்குச் சின்ன டிராக்

கேள்வி: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. சூப்பர்மோட்டோ (மண்பாதை வண்டியில் தார்ச்சாலை டயர் போட்டு ஓட்டும் பந்தயம்) கற்க ஆசை. நேராக டிராக் டேக்கு (ரேஸ் டிராக்கில் நம் வண்டியை ஓட்ட விடும் நாள்) போய்விடலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: முதலில் ஒரு நாள் பயிற்சி, அப்புறம் டிராக் டே. சூப்பர்மோட்டோவுக்கென்றே தனிப் பள்ளி தேடிக் காத்திருக்காதீர்கள், பிரேக் பிடிப்பது, திருப்பத்தில் கண்ணை எங்கே வைப்பது, த்ராட்டிலை எப்போது திறப்பது எல்லாம் சாதாரண ரேஸ் பயிற்சியிலும் அதேதான். உங்களுக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்கூட அங்கே வந்து வகுப்பு எடுத்திருக்கிறது. ஆனால் அந்த 3.7 கி.மீ. டிராக்கின் நீளமான நேர்ப்பகுதியில் 200 சிசி வண்டி திணறும். கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி டிராக் சுமார் 2.1 கி.மீ.தான், உங்கள் வண்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

உங்கள் வண்டியில் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. சூப்பர்மோட்டோவுக்கு இரண்டும் 17, அதோடு தார்ச்சாலை டயர். இந்தச் செலவை உடனே செய்ய வேண்டாம், வண்டியும் லெதர் சூட்டும் வாடகைக்குத் தரும் பயிற்சிகள் உண்டு, முதல் முறை அதிலேயே போய்ப் பாருங்கள். ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் மட்டும் உங்கள் அளவுக்குச் சொந்தமாக வாங்குங்கள்.

ஒன்று முக்கியம்: சாதாரண வண்டி இன்சூரன்ஸ் ரேஸ், வேகச் சோதனை சேதத்துக்குப் பணம் தராது. பதிவு செய்யும்போதே மருத்துவ வசதி, ஆம்புலன்ஸ் பற்றிக் கேட்டுவிடுங்கள்.